ஸ்கேனில் ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ என்று வந்தால் அடுத்து என்ன? – சேலம், ஏற்காடு

அஸ்தம்பட்டி டாக்டர்:

வேறு எதற்கோ வயிற்று ஸ்கேன் எடுக்கிறார்கள். கடைசி வரியில் ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’, அதாவது கல்லீரலில் கொழுப்பு, என்று இருக்கிறது. ‘கிரேடு 1 தானே’ என்று சிலர் கவரை மடித்து பீரோவில் வைத்துவிடுகிறார்கள். சிலர் மருந்துக் கடையில் லிவர் டானிக் வாங்கி மூன்று மாதம் குடிக்கிறார்கள். இரண்டு பேருமே பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை. கிரேடு சொல்வது கொழுப்பின் அளவை மட்டும்தான். பின்னாளில் வயிற்றில் நீர் கோப்பதற்கும் ரத்த வாந்திக்கும் காரணம் கல்லீரலில் விழும் தழும்பு. அந்தத் தழும்பு சாதாரண ஸ்கேனில் முற்றும்வரை தெரியாது.

உலகில் ஆண்டுக்கு 20 லட்சம் பேருக்கு மேல் கல்லீரல் நோயால் இறக்கிறார்கள்; 25 இறப்பில் ஒன்று. இந்திய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் பெரியவர்களில் சுமார் 38 சதவீதம் பேருக்குக் கொழுப்புக் கல்லீரல். நாட்டின் தொற்றா நோய்த் திட்டத்தில் 2021-லேயே இதைச் சேர்த்துவிட்டார்கள். இத்தனை பேருக்கும் ஃபைப்ரோஸ்கேன் (தழும்பை அறியக் கல்லீரலின் விறைப்பை அளக்கும் சோதனை) எடுப்பது நடக்காத காரியம். முதல் சல்லடையாக ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. பெயர் ஃபிப்-4.

எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் ரத்தத்தில் பார்க்கும் கல்லீரல் என்சைம்கள். வயதை எஸ்ஜிஓடியால் பெருக்குங்கள். பிளேட்லெட்டை (1,60,000 என்றால் 160 என்று எடுங்கள்) எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுங்கள்.

வயது 52, எஸ்ஜிஓடி 48, எஸ்ஜிபிடி 36, பிளேட்லெட் 1,60,000, ஸ்கேனில் கிரேடு 1 என்று வைத்துக்கொள்வோம். 52 × 48 = 2496. 160 × 6 = 960. விடை 2.6.

இன்னொருவர்: வயது 38, எஸ்ஜிஓடி 40, எஸ்ஜிபிடி 64, பிளேட்லெட் 2,50,000, ஸ்கேனில் கிரேடு 2. 1520-ஐ 2000-ஆல் வகுத்தால் 0.76.

1.3-க்குக் கீழே என்றால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. 2.67-க்கு மேல் என்றால் கல்லீரல் நிபுணரிடம் போயாக வேண்டும். நடுவில் இருந்தால் ஃபைப்ரோஸ்கேன். ஆக, கிரேடு 2 வந்தவர் உணவையும் எடையையும் கவனித்துக்கொண்டு ஓரிரு வருடம் கழித்துத் திரும்பக் கணக்குப் போட்டால் போதும். கிரேடு 1 வந்து, எஸ்ஜிபிடியும் நார்மல் என்று நிம்மதியாக இருப்பவர்தான் உடனே ஃபைப்ரோஸ்கேனுக்குக் கிளம்ப வேண்டியவர்.

65 வயதைத் தாண்டியவர்களுக்குக் கீழ் எல்லையை 2.0 என்று வையுங்கள். 35-க்குக் கீழே இந்தக் கணக்கை நம்ப முடியாது.

யாரிடம் தொடங்குவது? மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 ஆகஸ்டிலிருந்து சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே போகிறது. அந்தச் சர்க்கரை நோயாளிகளின் பட்டியல் கையில் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை அவர்களுக்கு இந்த மூன்று ரத்த அளவுகளைப் பார்த்தாலே நிறைய பேரைக் காலத்தோடு பிடித்துவிடலாம்.

நாகலூர் நர்ஸ்:

டாக்டர் சார், கணக்கு புரிஞ்சுதுங்க. சிக்கல் அதுக்கு முன்னாடியே இருக்கு. ஏற்காடு மலை மேல எடுக்கற ரத்தம் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி லேபுக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆயிடுது. ஒரே ஆளுக்குக் கீழே எடுத்தா ஒரு அளவு, மேலேயிருந்து அனுப்பினா வேற அளவு. எஸ்ஜிஓடி மட்டும் தனியா ஏறி வருது. இந்த நம்பரை வெச்சுக் கணக்குப் போட்டா தேவையில்லாம ஆளுங்களைப் பயமுறுத்திட மாட்டோமா?

லேப் அம்மாபேட்டை:

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள், மேடம். அது ரத்தச் சிவப்பணு உடைவதால் வருவது. சிவப்பணுவுக்குள் எஸ்ஜிஓடி ஏராளமாக இருக்கும். உடைந்தால் சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரில்) கலந்துவிடும். எஸ்ஜிபிடி அந்த அளவு ஏறாது. அதனால் ஃபிப்-4-இல் மேல் பக்கம் மட்டும் பெரிதாகி விடை பொய்யாக ஏறும்.

உடைவதற்கான காரணங்கள்: ரொம்ப மெல்லிய ஊசி, சிரிஞ்சை வெடுக்கென்று இழுப்பது, ஊசியைக் கழற்றாமலே ட்யூபுக்குள் பீய்ச்சுவது, ஸ்பிரிட் காயுமுன் குத்துவது, கையில் கட்டிய பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் விடுவது. கடைசியாக, பைக் பெட்டியில் போட்டு மலைப்பாதையில் குலுக்கிக்கொண்டு வருவது.

ட்யூபைச் சுழற்றும் சென்ட்ரிஃப்யூஜ் மெஷின் மலை மேலேயே இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ரத்தம் எடுத்து அரை மணி நேரம் ட்யூபை நிமிர்த்தி வைத்து உறையவிடுங்கள். 2 மணி நேரத்துக்குள் சுழற்றிச் சீரத்தைத் தனி ட்யூபில் பிரித்து அனுப்புங்கள். சீரம் இளஞ்சிவப்பாக இருந்தால் அந்த மாதிரியில் எஸ்ஜிஓடி பார்க்கவே வேண்டாம், திரும்ப எடுங்கள்.

பிளேட்லெட்டுக்கு ஊதா மூடி ட்யூப். கோடு வரைக்கும் நிரப்ப வேண்டும். எடுத்ததும் 8 முதல் 10 தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. இதைச் சரியாகச் செய்யாவிட்டால் பிளேட்லெட் கட்டி கட்டியாகச் சேர்ந்துகொள்ளும், மெஷின் குறைத்து எண்ணும். டாக்டர் சொன்ன அந்த 38 வயதுக்காரருக்கே 2,50,000-க்குப் பதில் 90,000 என்று வந்தால் 0.76 என்பது 2.1 ஆகிவிடும். சந்தேகம் வந்தால் ஸ்லைடில் ஒரு ஸ்மியர் போட்டுப் பார்த்தால் கட்டி தெரிந்துவிடும். சிலருக்கு ஊதா ட்யூபில் இருக்கும் மருந்தே கட்டியாக்கும். அவர்களுக்கு வெளிர்நீல மூடி ட்யூபில் எடுத்து, வரும் எண்ணை 1.1-ஆல் பெருக்க வேண்டும்.

இன்னொன்று: காய்ச்சல் காலத்தில் எடுத்த ரிப்போர்ட்டை வைத்து இந்தக் கணக்கைப் போடாதீர்கள். டெங்குவில் பிளேட்லெட் இறங்கும், எஸ்ஜிஓடி ஏறும். நன்றாகத் தேறி ஒரு மாதம் போகட்டும்.

அஸ்தம்பட்டி டாக்டர்:

இதே மாதிரி ஃபைப்ரோஸ்கேனுக்கும் விதி உண்டு. 3 மணி நேரம் வெறும் வயிறு. சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் அளவு ஏறிக் காட்டும். சரியான அளவீடு 10 இருக்க வேண்டும். அவற்றின் சிதறல் நடு மதிப்பில் 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இது ரிப்போர்ட்டிலேயே அச்சாகியிருக்கும், பாருங்கள். பருமனானவர்களுக்குப் பெரிய புரோப் (உடம்பில் வைத்து அளக்கும் முனை). வயிற்றில் நீர் இருந்தால் இந்தச் சோதனை வேலை செய்யாது. விறைப்பு 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே என்றால் பயமில்லை. 12-க்கு மேல் தீவிரமான தழும்பு. 20-ஐத் தொட்டாலோ பிளேட்லெட் 1,50,000-க்குக் கீழே இருந்தாலோ உணவுக் குழாயில் நாளம் புடைத்திருக்கிறதா என்று எண்டோஸ்கோபி செய்துவிடுவது நல்லது.

ஓமலூர் ஆலோசகர்:

இதுவரைக்கும் குடியைப் பற்றிப் பேச்சே வரவில்லை. ‘எப்போவாவது’ என்று சொல்வதை அப்படியே சீட்டில் எழுதிக்கொள்கிறோம். கிராம் கணக்கில் கேட்க வேண்டும்.

டாஸ்மாக் பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். 180 மி.லி. குவார்ட்டரில் 77 மி.லி. சாராயச் சத்து, எடையாக மாற்ற 0.789-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 61 கிராம். 90 மி.லி. கட்டிங் என்றால் 30 கிராம். ‘பீர்தானே’ என்பார்கள், 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மி.லி. பாட்டிலில் 41 கிராம் இருக்கிறது, அதாவது ஒரு கட்டிங்கைவிட அதிகம். கல்லீரலுக்கு பிராண்டும் விலையும் தெரியாது, கிராம் மட்டும்தான்.

வாரத்துக்கு நான்கு குவார்ட்டர் குடிக்கும் ஆணுக்கு 243 கிராம். வாரம் 210-ஐத் தாண்டினால் வெறும் கொழுப்புக் கல்லீரல் என்று எழுத முடியாது. கொழுப்பும் மதுவும் சேர்ந்த வகை என்று 2023-இல் தனியாகவே பிரித்துவிட்டார்கள். சர்க்கரை நோயும் தொப்பையும் உள்ளவருக்கு இரண்டும் கூட்டல் கணக்காக ஏறாது, ஒன்றையொன்று பெருக்கும். எஸ்ஜிஓடி எஸ்ஜிபிடியைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் மதுவைப் பற்றித் திரும்பக் கேளுங்கள்.

நிறுத்தச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. தினம் குவார்ட்டருக்கு மேல் வருடக்கணக்கில் குடித்தவரை வீட்டில் பூட்டி வைத்து நிறுத்த வைக்காதீர்கள். முதல் 6 முதல் 48 மணி நேரத்தில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை உளறல், நடுக்கம், காய்ச்சல் வரலாம், உயிரும் போகும். ஆஸ்பத்திரியில் சேர்த்துத்தான் நிறுத்த வேண்டும். அங்கே குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் தயாமின் (வைட்டமின் பி1) போட்டார்களா என்று கேளுங்கள்.

குகை மருந்தாளுநர்:

ஓமலூர் அண்ணன் சொன்னதோட இதையும் சேர்த்துக்கங்க. ‘அவருக்கே தெரியாம சாப்பாட்டுல கலந்து குடுங்க, குடியை மறந்துடுவார்’னு போஸ்டர் ஒட்டி விக்கற பொடியை வீட்டுப் பெண்கள் நம்பிக்கையோட வாங்கறாங்க. அதுல டைசல்ஃபிராம் (குடிச்சா உடம்புக்கு ஒத்துக்காம பண்ற மருந்து) கலந்திருந்தா, தெரியாம மேல குடிக்கறவருக்கு பிரஷர் விழுந்து உயிர் போகலாம். அந்த மருந்தே கல்லீரலையும் கெடுக்கும். சிரோசிஸ், அதாவது கல்லீரல் சுருக்கம், உள்ளவருக்குத் தெரிஞ்சே கூடக் குடுக்கறதில்லை. சிரோசிஸ்ல குடியை நிறுத்த பாக்லோஃபென்னு ஒரு மருந்தைக் குறைஞ்ச டோஸ்ல டாக்டர் ஆரம்பிச்சுக் குடுப்பாங்க.

அடுத்தது வலி மருந்து. ‘லிவர் கெட்டிருக்கு, பாராசிட்டமால் வேண்டாம், டைக்ளோ குடுங்க’னு கேட்டு வர்றவங்க அதிகம். விஷயம் நேர் தலைகீழ். சிரோசிஸ் உள்ளவங்களுக்கு ஒரு நாளைக்கு 2 கிராம் வரைக்கும், அதாவது 500 மி.கி. மாத்திரை நாலு, பாராசிட்டமால் குடுக்கலாம். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் தான் சிறுநீரகத்தை நிறுத்தும், நாளத்துல ரத்தம் கசிய வைக்கும். உடம்பு வலிக்குப் போடற ஒரு ஊசியில இருக்கறதும் பெரும்பாலும் டைக்ளோதான். ஊசி போடறவர்கிட்ட ‘எனக்குக் கல்லீரல் சுருக்கம் இருக்கு’னு முதல்லயே சொல்லிடணும்.

லிவர் டானிக்: தழும்பைக் கரைக்கும்னு எந்த டானிக்குக்கும் ஆதாரம் கிடையாதுங்க. அந்தக் காசுக்கு முட்டை வாங்கினா புண்ணியம்.

சேர்வராயன் மூலிகை:

எல்லாவற்றையும் ஒரே தட்டில் போட்டுத் தள்ளிவிட வேண்டாம். கீழாநெல்லியைப் பற்றிச் சென்னையிலேயே ஆராய்ச்சி நடந்து உலகம் முழுக்கப் பேசப்பட்டது. காமாலைக்குத் தலைமுறை தலைமுறையாகக் கொடுக்கிறோம், குணமாகிறது. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

அஸ்தம்பட்டி டாக்டர்:

சரியான கேள்வி. அந்த ஆராய்ச்சி 1988-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. சென்னையின் தியாகராஜன் குழுவினரோடு, ஹெபடைட்டிஸ் பி-யைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய புளூம்பெர்க்கும் அதில் ஒருவர். 30 நாள் கீழாநெல்லி கொடுத்த 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்திலிருந்து மறைந்தது. மருந்தே இல்லாத போலி மாத்திரை கொடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டும். அது உண்மையாக நிலைத்திருந்தால் இன்று எல்லா அரசு மருத்துவமனையிலும் அதையே கொடுத்திருப்போம். பிறகு பல இடங்களில் செய்து பார்த்தபோது அந்த முடிவு திரும்ப வரவில்லை.

காமாலை குணமாவதற்குக் காரணம் வேறு. தண்ணீரில் வரும் ஹெபடைட்டிஸ் ஏ, ஈ இரண்டும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகும். அந்த வாரங்களில் எதைக் குடித்தாலும் பேர் அதற்குப் போகும். ஆனால் காமாலை ஒரே நோய் அல்ல. பித்தக்குழாயில் கல், ஹெபடைட்டிஸ் பி, மது, காசநோய் மாத்திரை என்று எதனாலும் கண் மஞ்சளாகும். கர்ப்பிணிக்கு ஹெபடைட்டிஸ் ஈ வந்தால் நான்கைந்து பேரில் ஒருவர் இறக்கும் அளவுக்குப் போகலாம். காமாலையோடு குழப்பம், தூக்கம் தலைகீழாவது, ஓயாத வாந்தி, ரத்தக் கசிவு எது வந்தாலும் மூலிகைக்குக் காத்திருக்கக் கூடாது. ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் பிடி-ஐஎன்ஆர் 1.5-ஐத் தாண்டினால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி.

சேர்வராயன் மூலிகை:

ஏற்றுக்கொள்கிறேன். என் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும். கீழாநெல்லி என்று பறிப்பது பல சமயம் வேறு செடி. இலைக்காம்பின் அடியில் வரிசையாகக் காய் தொங்குவதை மட்டும் பார்த்தால் சிவப்புத் தண்டு உள்ள இனமும் அப்படித்தான் இருக்கும். சீந்தில் கொடியிலும் கவனம் தேவை. கொரோனா காலத்தில் தினமும் கஷாயம் வைத்துக் குடித்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்தார்கள். பேர், சேர்மானம் எதுவும் எழுதாத பொட்டலத்தை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சித்த மருந்துதான் வேண்டும் என்றால் அரசு சித்தா பிரிவில் பதிவு பெற்ற மருத்துவரைப் பாருங்கள். நடுவில் எல்எஃப்டி (கல்லீரல் ரத்தப் பரிசோதனை) எடுத்துப் பாருங்கள். காமாலைக்கென்று கையில் சூடு போடுவதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். அந்தப் புண்ணில் கிருமி புகுந்தால் நோயாளிக்குத் தாங்கும் சக்தி இருக்காது.

உணவியல் சூரமங்கலம்:

எடையைப் பற்றி: 5 சதவீதம் குறைந்தால் கொழுப்பு இறங்கும், 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சி அடங்கும், 10-ஐத் தாண்டினால் தழும்பே பின்வாங்க வாய்ப்பு உண்டு. 78 கிலோ உள்ளவருக்கு அது 8 கிலோ. ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு கிலோவுக்கு மேல் வேகமாக இறக்கினால் கல்லீரலுக்கே கெடுதல். ஒல்லியாகத் தெரிபவர்களும் இடுப்பை அளந்து பாருங்கள்: ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80.

நம் ஊரில் எங்கே வெட்டுவது? முதலில் டீ. கடை டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, 10 கிராம். கொலுசுப் பட்டறையிலும் தறியிலும் உட்கார்ந்து வேலை செய்பவர் ஆறு டீ குடித்தால் 60 கிராம் சர்க்கரை, 240 கலோரி, உட்கார்ந்த இடத்திலேயே. சாயங்காலத் தட்டுவடை செட்டை வாரத்துக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையில் விளையும் சாமை நல்லதுதான். ஆனால் அரிசிக்குப் பதில் சாமை என்று அதே அளவு குவித்தால் கலோரி கிட்டத்தட்ட அதேதான். அளவைக் குறைத்து, பாதித் தட்டுக்குப் பொரியலும் கீரையும் வையுங்கள்.

இதெல்லாம் தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கு. சிரோசிஸ் வந்தவருக்கு இதே அறிவுரையைக் கொடுத்தால் ஆளைக் கொன்றுவிடுவோம். அவருக்கு வேண்டியது புரதம், கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம். காமாலைப் பத்தியம் என்று உப்பில்லாத கஞ்சியில் போடுவதுதான் வழக்கம், அதிலும் சேலத்தில் ஜவ்வரிசிக் கஞ்சி. ஜவ்வரிசி முழுக்க மாவுச்சத்து, 100 கிராமில் ஒரு கிராம் புரதம்கூடக் கிடையாது. அதையே குடித்தால் தொடைச் சதை கரையும். சதை கரைந்தால் ரத்தத்தில் அம்மோனியா ஏறி மூளை குழம்பும்.

60 கிலோ உள்ளவருக்கு நாளைக்கு 72 கிராம் வேண்டும். முட்டை இரண்டு 12, துவரம்பருப்பு 75 கிராம் 16, பால் அரை லிட்டர் 16, வேர்க்கடலை 30 கிராம் 8, கொண்டைக்கடலைச் சுண்டலுக்கு 30 கிராம் 6, நாள் முழுக்கச் சேர்த்து அரிசி 250 கிராமில் 17. கூட்டினால் 75. வேர்க்கடலையில் பூஞ்சை பிடித்தது, சுருங்கியது, கசப்பது ஒன்று கண்ணில் பட்டாலும் எடுத்து எறியுங்கள். அந்தப் பூஞ்சையின் அஃப்லாடாக்சின் கல்லீரல் புற்றுநோயை வரவழைக்கும். ஹெபடைட்டிஸ் பி-யும் இருந்தால் ஆபத்து பல மடங்கு.

இரவு 9 மணிக்கு மேல் கட்டாயம் ஏதாவது சாப்பிட வேண்டும்: இரண்டு இட்லி, ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம். இரவு முழுக்க வெறும் வயிறாக இருந்தால் உடம்பு சதையை எரிக்க ஆரம்பிக்கும். விரதங்களை விட்டுவிடச் சொல்லுங்கள்.

உப்பைப் பற்றி: வயிற்றில் நீர் கோத்தவருக்கு நாளைக்கு ஒரு மட்ட டீஸ்பூன், 5 கிராம், எல்லாம் சேர்த்து. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் கூடாது. இந்துப்பும் உப்புதான். ‘சோடியம் குறைந்தது’ என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் இருக்கும்; ஸ்பைரோனோலாக்டோன் என்ற நீர் இறக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு அது இதயத்தையே நிறுத்தலாம்.

வாழப்பாடி வாசகர்:

காபி கல்லீரலுக்கு நல்லது என்கிறார்களே, உண்மையா?

உணவியல் சூரமங்கலம்:

ஆமாம். தினம் இரண்டு மூன்று கப் குடிப்பவர்களுக்குத் தழும்பும் கல்லீரல் புற்றும் குறைவாக இருப்பது பல நாட்டு ஆய்வுகளில் தெரிகிறது. ஏற்காட்டுக் காபியைச் சிக்கரி கலக்காமல், சர்க்கரை இல்லாமல் குடித்தால் சரி. காபி குடிப்பதால் குவார்ட்டரின் கெடுதல் கழிந்துவிடும் என்று மட்டும் கணக்குப் போட வேண்டாம்.

நாகலூர் நர்ஸ்:

ஹெபடைட்டிஸ் பி பத்தி நான் சொல்றேங்க. 2022 கணக்குல நாட்டுல 2.98 கோடிப் பேருக்கு இருக்கு. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள்ள ஒரு டோஸ் தடுப்பூசி, அப்புறம் 6, 10, 14-வது வாரம் பென்டாவேலன்ட்டோட (அஞ்சு நோய்க்கான கூட்டுத் தடுப்பூசி). பிறந்த டோஸ் தள்ளிப்போனா அம்மாகிட்ட இருந்து தொத்தற குழந்தைகள்ல பத்துக்கு ஒன்பது பேருக்கு அது ஆயுசுக்கும் தங்கிடும். அம்மாவுக்குப் பாசிட்டிவ்னா குழந்தைக்கு இம்யூனோகுளோபுலினும் (தயாரான எதிர்ப்புப் புரத ஊசி) 12 மணி நேரத்துக்குள்ள போடணும். அதனால பாசிட்டிவ் அம்மாக்களைப் பிரசவ வலி வந்தப்புறம் இறக்கக் கூடாது, தேதிக்கு முன்னாடியே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடணும். தாய்ப்பால் தாராளமா குடுக்கலாம்.

இந்தத் தடுப்பூசியை வெயில் கெடுக்கறதைவிட ஐஸ் சீக்கிரம் கெடுக்கும். உறைஞ்ச ஐஸ்பேக்கை நேரா வெச்சு மருந்துக் குப்பியை அதுல ஒட்ட விட்டா மருந்து உறைஞ்சு செத்துப்போகும். ஐஸ்பேக்கை வெளியில வெச்சு, குலுக்கினா உள்ள தண்ணி சத்தம் கேக்கற வரைக்கும் விட்டுத்தான் கேரியர்ல வைக்கணும்.

பாசிட்டிவ் ஆள் வீட்டுல எல்லாருக்கும் டெஸ்ட். நெகட்டிவ் வந்தவங்களுக்கு 0, 1, 6 மாசம்னு மூணு ஊசி. ஷேவிங் பிளேடு, நகவெட்டி, பிரஷ் தனித்தனி. ஹெபடைட்டிஸ் பி-க்கான டெனோஃபோவிர் மாத்திரை தேசியத் திட்டத்துல இலவசம். ‘நல்லா இருக்கேன்’னு நடுவுல நிறுத்தினா வைரஸ் ஒரேயடியா பொங்கிக் கல்லீரல் செயலிழந்துபோகும். ஹெபடைட்டிஸ் சி-க்கு 84 நாள் மாத்திரைதான், பெரும்பாலும் முழுசா குணமாயிடும்.

டாக்டர் சார்கிட்ட ஒரு கேள்வி. சிரோசிஸ்னு தெரிஞ்சு கீழேயிருந்து வீட்டுக்கு அனுப்பிச்சவங்களை மலை மேல வெச்சு நாங்க எதைப் பார்க்கணும்?

அஸ்தம்பட்டி டாக்டர்:

எடை மெஷின் ஒன்று, நோட்டு ஒன்று. காலையில் சிறுநீர் கழித்ததும் எடை. நீர் மாத்திரையில் கால் வீக்கம் இல்லாதவருக்கு நாளைக்கு அரைக் கிலோ, வீக்கம் உள்ளவருக்கு ஒரு கிலோ குறையலாம். அதற்கு மேல் குறைந்தால் சிறுநீரகம் அடிபடும். மாத்திரையை நிறுத்திவிட்டுக் கூப்பிடச் சொல்லுங்கள்.

லாக்டுலோஸ் சிரப்பை ‘மலச்சிக்கலுக்கு’ என்று நினைத்து, ஒரு தடவை போனதும் நிறுத்திவிடுகிறார்கள். அது மூளைக்கான மருந்து. நாளைக்கு 2 அல்லது 3 தடவை இளக்கமாகப் போக வேண்டும். 4-ஐத் தாண்டினால் அளவைக் குறையுங்கள். தினமும் நோட்டில் பேரை எழுதச் சொல்லுங்கள். கையெழுத்து கோணினால், பகலில் தூங்கி இரவில் விழித்தால் அம்மோனியா ஏறுகிறது என்று அர்த்தம். தூக்க மாத்திரை கொடுக்கவே கூடாது.

கருப்பான பிசுபிசுப்பு மலம், ரத்த வாந்தி, காய்ச்சலோடு வயிற்று வலி, சிறுநீர் நாளைக்கு அரை லிட்டருக்குக் கீழே: இதில் ஏதாவது ஒன்று வந்தால் காலை பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் 108. நீர் கோத்த வயிற்றில் கிருமித் தொற்று வந்தால் வலி லேசாகத்தான் இருக்கும். நீரை எடுத்து வெள்ளணு பார்த்தால்தான் தெரியும். நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு வகை 250-ஐத் தொட்டால் உடனே ஆன்டிபயாடிக். நீர் இறக்கும்போது 5 லிட்டருக்கு மேல் எடுத்தால் லிட்டருக்கு 8 கிராம் வீதம் ஆல்புமின் என்ற புரதத்தை ஏற்ற வேண்டும். இல்லையென்றால் ஊருக்குப் போனபின் சிறுநீரகம் அடிபடலாம்.

நீர் கோக்கத் தொடங்கிய அன்றே கல்லீரல் மாற்று அறுவையைப் பற்றிக் கேட்டுவிடுங்கள். முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் அது உண்டு, சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் செய்கிறார்கள். படுத்த படுக்கையான பிறகு அனுப்பினால் அறுவைக்கு உடம்பு தாங்காது.

மிச்சம் புற்றுநோய்க் கண்காணிப்பு. சிரோசிஸ் உள்ள ஒவ்வொருவருக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அல்ட்ராசவுண்ட், கூடவே ஏஎஃப்பி என்ற ரத்தப் பரிசோதனை. கட்டி 2 செ.மீ.க்குள் பிடிபட்டால் சுட்டு அழித்துவிடலாம். ‘ஆறு மாதம்’ என்று எழுதிக் கொடுத்தால் யாருக்கும் நினைவிருப்பதில்லை.

நாகலூர் நர்ஸ்:

சார், மாசப் பேரை எழுதிடலாமுங்க. தை, ஆடி. பொங்கலுக்கும் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கும் சேலத்துக்கு இறங்கறவங்கதான் நிறைய பேர். அந்த வாரத்துலயே ஸ்கேனுக்குச் சீட்டு வாங்கிக் குடுத்துட்டா தனியா ஒரு நாள் கூலி போகாது. மஞ்சள் அட்டையில பேர், கடைசி பிளேட்லெட், கடைசி ஸ்கேன் தேதி, ‘தை / ஆடி’. இவ்வளவு போதுமா, வேற ஏதாவது சேர்க்கணுமா?

குகை மருந்தாளுநர்:

அட்டைக்குப் பின்னாடி பெருசா ‘டைக்ளோ ஊசி போடக் கூடாது’னு எழுதிடுங்க மேடம். கடைக்கு வந்தாலும் அதைக் காட்டினாலே போதும்.